இரண்டு வயதும் அதற்கு மேலும்

உட்காருங்கள் மேடம். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள், காற்று வரும். கேள்விகளைத் தாராளமாகக் கேளுங்கள். சர்வே என்று வருகிறவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காத தெரு இது.

ஆமாம், ஐந்து வயதுக்குக் கீழே ஒரு குழந்தை உண்டு. பெண். பெயர் நிறைமதி. இரண்டு வருடம் பதினோரு மாதம். எடை பன்னிரண்டு கிலோ எழுநூறு கிராம். எடையை நீங்கள் நம்பலாம், என் குடோன் தராசில் போட்டது. முத்திரை வைத்த தராசு.

குழந்தையைப் பார்க்க வேண்டுமா? குழந்தை இல்லை. அம்மாவா? அம்மாவும் இல்லை. வத்தலக்குண்டில், அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறார்கள். பன்னிரண்டு நாளாயிற்று. திருவிழாவா, விசேஷமா என்று கேட்காதீர்கள். கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள். வருவாளா மாட்டாளா என்பது எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் கேட்டால் என்னைவிட விவரமாகச் சொல்வார்கள். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மரியாதை.

சரி, அடுத்த கேள்வி. என்ன? தாய்ப்பால் எத்தனை மாதம் கொடுக்கப்பட்டது?

அடடா. குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை இருக்கிறதா, ரேஷன் கார்டு என்ன நிறம் என்று எவ்வளவோ கேட்கலாம். அரசாங்கம் சரியாக வந்து இதைத்தான் கேட்கிறது. அந்தக் கட்டத்தில் எத்தனை இலக்கம் எழுதலாம் மேடம்? இரண்டா? போதும், மூன்று இலக்கம் வருவதற்குள்தான் அவள் ஊருக்குப் போய்விட்டாளே. முப்பத்தைந்து என்று போடுங்கள். முப்பத்தைந்து மாதம். இன்னும் கடை மூடவில்லை.

நீங்கள் சிரிக்கவில்லை. பயிற்சி கொடுத்திருப்பார்கள்.

இருங்கள், குடிக்க ஏதாவது கொண்டு வருகிறேன். காபி போடத் தெரியாது. இது எங்கள் கம்பெனிச் சத்துப் பானம். ஏலக்காய் வாசனை. எடுத்துக்கொள்ளுங்கள். நான் இதற்குத்தான் ஏஜென்ட். திண்டுக்கல், பழனி, ஒட்டன்சத்திரம், நத்தம், இந்த நான்கு ஊர்களில் ஒரு குழந்தை இதைக் குடித்து வளர்ந்திருந்தால் அந்த டப்பா என் குடோனைத் தாண்டித்தான் போயிருக்கும். இருபத்தெட்டு வருடம். புரதம் எத்தனை கிராம், கால்சியம் எத்தனை மில்லிகிராம், எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவன் வீட்டில் நடக்கிற கதையைக் கேளுங்கள்.

எனக்குக் கல்யாணம் நடந்தது முப்பத்தாறு வயதில். தமயந்திக்கு இருபத்தைந்து. பதினான்கு வருடம் குழந்தை இல்லை. போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள், அதையே நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு நாள் மதி பிறந்தது. எனக்கு ஐம்பது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையை என் கையில் கொடுத்து, "தாத்தா, பத்திரம்" என்றாள். பரவாயில்லை, அவள் வேலை அவசரம் அவளுக்கு.

முதல் வருடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. தமயந்தி பால் கொடுத்தாள், ஊரே பாராட்டியது. நாற்பதை நெருங்கிய வயதில் இவ்வளவு பால் சுரப்பது கொடுப்பினை என்றார்கள். நானும் பெருமையாகத்தான் இருந்தேன். ஆனால் இரண்டாவது பிறந்தநாள் எப்போது வரும் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் எங்கள் டப்பாவில் போட்டிருக்கிறது: இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு. கம்பெனி ஒழுங்கான கம்பெனி மேடம், ஒரு நாள் முன்னால் கொடுக்கச் சொல்லாது. பிறந்தநாள் அன்று குளித்து, நெற்றியில் திருநீறு வைத்து, புது டப்பாவின் மூடியைத் திறந்தேன். உள்ளே அந்த வெள்ளித்தாளைக் கிழிக்கும்போது ஒரு சத்தம் வரும், உங்களுக்குத் தெரியும். கருவறைத் திரை விலகுகிற மாதிரி எனக்கு இருந்தது. மதி ஒரு வாய் குடித்தது. என்னைப் பார்த்தது. வாயைத் திறந்து அப்படியே சட்டையில் வடியவிட்டது. பிறகு தன் அம்மாவிடம் போய் முந்தானையை இழுத்து, "இங்கா" என்றது.

இங்கா என்றால் தெரியும்தானே? பாலுக்குக் குழந்தைகள் சொல்கிற பெயர். தேநீருக்கும் இங்காதான், மோருக்கும் இங்காதான் மற்ற குழந்தைகளுக்கு. என் பெண்ணுக்கு இங்கா ஒன்றுதான். கிளை எங்கும் கிடையாது.

"குடிக்கட்டும் விடுங்க, ஒரு வாய்தானே" என்றாள் தமயந்தி.

"ரெண்டு வயசு முடிஞ்சிருச்சு."

"யாருக்கு, உங்க டப்பாவுக்கா?"

இப்படித்தான் பேசுவாள். அமைதியானவள் என்று எல்லாரும் சொல்வார்கள், அவர்களிடம் பேசுவதில்லை, அதனால். ஒரு நாள் குடோனிலிருந்து ஒரு பால் பவுடர் டப்பாவைத் தேடி எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். சத்துப் பானம் இல்லை, கைக்குழந்தைக்கானது, அதுவும் நம்மிடம் உண்டு. அதில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். 'தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது.' சட்டப்படி போட வேண்டிய வரி. அந்த டப்பாக்களை லட்சக்கணக்கில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். அந்த வரியை நான் படித்ததே இல்லை. சிகரெட் பெட்டியில் இருப்பதை யார் படிக்கிறார்கள்?

"இது கைக்குழந்தைக்கு எழுதினது" என்றேன்.

"இவ என் கையிலதான இருக்கா" என்றாள்.

இப்படிப் பேசுகிறவளிடம் புரதத்தைப் பற்றி என்ன பேசுவது? அதனால் டாக்டரிடம் பேச வைக்கலாம் என்று நினைத்தேன். குழந்தை டாக்டர் ஜெசிந்தா. நல்ல கைராசி. நான் முதல் நாளே தனியாகப் போய், "நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன், கொஞ்சம் கண்டிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டேன். தலையாட்டினார். தலையாட்டுவதற்கும் சம்மதத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று மறுநாள்தான் தெரிந்தது.

"சோறு சாப்பிடுறாளா?" என்று கேட்டார்.

"நல்லா சாப்பிடுவா டாக்டர்" என்றாள் தமயந்தி. "பருப்புச் சோறு, கீரை, தினம் ஒரு முட்டை. கேப்பக் கூழ்னா ரெண்டு கிண்ணம்."

இதெல்லாம் எனக்கே செய்தி. நான் குடோனில் இருக்கும் நேரத்தில் சாப்பிடுகிறது போல.

"அப்புறம் என்ன சார் பிரச்சினை?"

"இல்ல டாக்டர், ஒரு வயசுக்கு மேல அதுல சத்து ஒண்ணும் இருக்காதாமே, வெறும் தண்ணி மாதிரின்னு…"

"யார் சொன்னது?"

என் அக்கா சொன்னாள், கம்பெனி மீட்டிங்கில் சொன்னார்கள், எல்லாரும் சொல்கிறார்கள். எல்லாரும் சொல்வதை யார் சொன்னது என்று கேட்டால் எப்படி?

"பிறந்தநாள் வந்ததும் காலாவதி ஆகுறதுக்கு அது என்ன சார், டப்பாவா?" என்றார். பிறகு விரல்விட்டுச் சொன்னார் மேடம், எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, நம் தொழில் அப்படி. இரண்டாவது வருடத்தில் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் குடித்தால்கூட, குழந்தைக்கு வேண்டிய சக்தியில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே வந்துவிடுமாம். புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. வைட்டமின் ஏ முக்கால்வாசி. பி12 கிட்டத்தட்ட முழுதும். குடிக்கிற அளவு குறையக் குறைய, நோயை எதிர்க்கிற பொருள்கள் அதில் இன்னும் அடர்த்தியாகுமாம். இரும்புச்சத்துதான் போதாது, அதற்குத்தான் முட்டையும் கீரையும், அதை உங்கள் வீட்டம்மா ஏற்கெனவே செய்கிறார்கள் என்றார். நான் கேட்டேன், எப்போதுதான் நிறுத்துவது?

"உலகம் பூரா ஒத்துக்கிட்ட கணக்கு இதுதான் சார். ரெண்டு வயசும் அதுக்கு மேலயும். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் விருப்பம் இருக்கிற வரைக்கும்."

அதற்கு மேலும். கவனித்தீர்களா அந்தச் சொல்லை? மேலும் என்றால் எதுவரை? மூன்றா, நான்கா, பெண் பார்க்க வருகிற வரைக்குமா? உலகத்துப் பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து ஒரு வாக்கியம் எழுதுகிறார்கள், அதற்கு ஒரு கதவு வைக்க மாட்டார்களா? எங்கள் டப்பாவில்கூட 'மேற்பட்ட' என்று இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அது வேறு. அது வியாபாரம்.

அதோடு இன்னொன்று. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் விருப்பம் இருக்கிற வரைக்கும் என்றார். அந்த வீட்டில் அப்பா என்று ஒருவன் இருக்கிறானே, அவன் விருப்பம் எந்த வரியில் வருகிறது? நான் கேட்கவில்லை. வெளியே வந்து ஆட்டோ கூப்பிட்டேன். தமயந்தி வழியெல்லாம் மதிக்குக் கடைப் பலகைகளைக் காட்டிக்கொண்டு வந்தாள். குத்திக் காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிறகு, இரண்டரை வயதில் மதிக்கு வாந்தியும் பேதியும் வந்தது. மூன்று நாள். உப்புச் சர்க்கரைக் கரைசலை ஒரு கரண்டி கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கஞ்சி தங்கவில்லை. நான் டப்பாவைத் திறந்து பார்த்தேன், தமயந்தி பார்த்த பார்வையில் மூடிவிட்டேன். குழந்தை வாங்கிக்கொண்டது இங்கா மட்டும்தான். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம். தமயந்தி மூன்று நாளும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. நாலாம் நாள் டாக்டர் ஜெசிந்தா, "டிரிப்ஸ் ஏத்தாம தப்பிச்சீங்க. எது காப்பாத்துச்சுன்னு தெரியுதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். தெரியும் என்றேன். இரண்டாம் நாளே நான் பழனிக்கு மொட்டை வேண்டிக்கொண்டிருந்தேன். முருகன் காப்பாற்றினான். அடுத்த வாரமே போய் முடி இறக்கினேன். டாக்டர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிறிஸ்தவர், அவர் சொல்ல முடியாது.

நீங்கள் குடிக்கவே இல்லையே. ஆடை படிகிறது பாருங்கள்.

போன மாதம்தான் விஷயம் முற்றியது. ஒரு ஹோட்டலில் எங்கள் கடைக்காரர்கள் கூட்டம். இருநூறு பேர். இருபத்தெட்டு வருட சேவைக்கு எனக்குக் கேடயம். குடும்பத்தோடு மேடைக்கு வரச் சொன்னார்கள். சென்னையிலிருந்து வந்த மேனேஜர், முப்பது வயதுப் பையன், சுறுசுறுப்பு தாங்காது. நான் பேசப் போகுமுன் அவன் ஒரு கோப்பையில் பானத்தைக் கலந்து, மைக்கையும் எடுத்துக்கொண்டு, மதி முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தான். போட்டோக்காரன் தயார்.

"பாப்பா, அப்பா விக்கிற டிரிங்க். குடிச்சுட்டு எப்படி இருக்குன்னு எல்லா அங்கிளுக்கும் சொல்லுங்க."

மதி ஒரு வாய் குடித்தது. நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தது. பிறகு மைக்கைப் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னது: "இது வேணாம். அம்மா இங்காதான் நல்லாருக்கு."

இருநூறு பேர் மேடம். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கூரை அதிர்ந்தது. அந்தப் பையன் மைக்கிலேயே, "என்ன சார், வீட்டுக்குள்ளயே போட்டி கம்பெனியா?" என்றான். பின்வரிசையிலிருந்து ஒட்டன்சத்திரத்துக் கடைக்காரர் ஒருவர், இருபது வருடப் பழக்கம், எழுந்து நின்று கத்தினார்: "அண்ணாச்சி, அந்த ஏஜென்சியையும் நமக்கே வாங்கிக் குடுங்க!"

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? மேடையில் நிற்கிறேன், கையில் கேடயம். சிரிக்காமல் இருந்தால் இன்னும் அசிங்கம். தமயந்தி எனக்குப் பக்கத்தில் மதியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள், நான் சிரித்து முடிக்கிற வரைக்கும். அந்தப் போட்டோவும் வந்திருக்கிறது, உள்ளே வைத்திருக்கிறேன். நான் பட்ட அவமானத்தை யோசித்துப் பாருங்கள். அவளுக்கென்ன, அவள் பேசக்கூட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அக்காவுக்குப் போன் செய்தேன். என் கூடப்பிறந்தவள், நத்தத்தில் இருக்கிறாள். "இனியும் பால் மறக்கடிக்காம இருக்கக்கூடாது தம்பி" என்றாள். நம் பக்கத்தில் இதை நிறுத்துவது என்று சொல்வதில்லை, நீங்கள் கவனித்திருப்பீர்கள். மறக்கடிப்பது. அக்காவிடம் அதற்கு மூன்று நான்கு வழிகள் இருந்தன. வேப்பெண்ணெய் தடவுவது. வேப்பிலையை அரைத்துப் பூசுவது. குழந்தையை ஒரு வாரம் நத்தத்துக்கு அனுப்பிவிடுவது. மாத்திரைகூட இருக்கிறதாம். எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. குழந்தை வாயில் கசப்பை வைக்க நான் ஒன்றும் அரக்கன் இல்லை. அப்போதுதான் அவள் அந்தக் கடைசி வழியைச் சொன்னாள். எவ்வளவு மென்மையான வழி என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

பூ மார்க்கெட்டுக்குப் போனேன். நிலக்கோட்டை மல்லிகை, அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. நாலு முழம் கேட்டேன். பூக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பழனியில் இறக்கிய முடி நரைநரையாகத்தான் திரும்ப வளர்ந்திருந்தது. "நாலு முழமா! வீட்ல அக்கா குடுத்து வச்சவங்கதான்" என்று சொல்லிக் கூடவே ஒரு சாண் அளந்து போட்டாள்.

நான் வீட்டுக்குள் வந்தபோது தமயந்தி மதியின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பூவுக்கு ஒரு கெட்ட குணம் மேடம், சொல்லுமுன் வாசனை சொல்லிவிடும். நிமிர்ந்தாள். என் கையிலிருந்த வாழையிலைப் பொட்டலத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை எப்படிச் சொல்வது? கூட்டத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியிருக்கவில்லை. நான் சமாதானத்துக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். ஒரு மனுஷி தானாக எதையாவது நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பா?

"எனக்கா?" என்றாள்.

உண்மைதானே, அவளுக்குத்தான். ஆமாம் என்றேன்.

எழுந்து வந்து என் முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு, "நீங்களே வச்சு விடுங்க" என்றாள். அவள் பின்கழுத்தை நான் பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது. இரண்டு நரை. நான் பொட்டலத்தைப் பிரித்தேன். அவள் திரும்பிப் பார்த்து, "இவ்வளவா? தலைக்கு ரெண்டு முழம் போதுமே" என்றாள்.

"தலைக்கு இல்ல, தமயந்தி."

"சாமிக்கா?"

"சாமிக்கும் இல்ல."

பிறகு சொன்னேன். மறைக்கவில்லை. "அக்கா சொன்னா. மல்லிகைப் பூவ மார்ல வச்சுக் கட்டிக்கிட்டா ரெண்டு மூணு நாள்ல பால் வத்திடுமாம். வலி இருக்காதாம். வாசனையாவும் இருக்கும்."

அவள் பின்னைப் பல்லிலிருந்து எடுத்தாள். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா சொன்னாங்க."

"ஆமா."

"அதுக்காக நீங்க மார்க்கெட் வரைக்கும் போயி வாங்கிட்டு வந்தீங்க."

"ஆமா. நாலு முழம்."

"பதினேழு வருஷத்துல…" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் என்ன சொல்ல வந்தாள் என்று நான் இந்தப் பன்னிரண்டு நாளும் யோசித்திருக்கிறேன். பதினேழு வருடத்தில் நான் பூ வாங்கிக் கொடுத்ததில்லையா? இருக்காது. கல்யாணத்தன்று மாலை போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு, தேடினால் கிடைக்கும்.

அப்புறம் அவள் செய்ததுதான் வேடிக்கை. என் கையிலிருந்து பூவை வாங்கினாள். ஷோகேஸில் கேடயத்துக்குப் பக்கத்தில் எங்கள் சத்துப் பானத்தின் பெரிய டப்பா ஒன்று அலங்காரத்துக்கு வைத்திருப்பேன். அதற்குச் சாத்தினாள். நாலு முழத்தையும், மூன்று சுற்றாக. முன்னால் ஊதுபத்தி ஏற்றிவைத்தாள். மதி ஓடிவந்து கையைக் கூப்பிக்கொண்டு, "சாமி, சாமி" என்றது.

மறுநாள் காலை வத்தலக்குண்டு பஸ். நான்தான் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டேன், கோபம் இருந்தாலும் கடமை தவறுவதில்லை. பையை மேலே வைத்துவிட்டு இறங்கும்போது சொன்னேன்: "பால மறக்கடிச்சுட்டு வா. அது வரைக்கும் அங்கயே இரு." நியாயமான நிபந்தனை. அவள் டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள். மதி ஜன்னல் வழியாகக் கையாட்டியது.

மூன்றாம் நாள் மச்சான் கூப்பிட்டார். பெரிய மனிதர், மரக்கடை வைத்திருக்கிறார், அளந்து பேசுவார். "மாப்ள, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. புள்ளகூடப் போயி போட்டி போடாதீங்க" என்றார். எவ்வளவு அபத்தம் பாருங்கள். ஐம்பத்து மூன்று வயது மனிதன், மூன்று வயதுக் குழந்தையோடு எதற்குப் போட்டி போட வேண்டும்?

நான் என்னையே கேட்டுப் பார்க்காத ஆள் இல்லை மேடம். ரொம்பக் கேட்பேன், அதுதான் என் நோய். உனக்கு என்னதான் பிரச்சினை, சத்தா, மானமா என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். மதி குடிக்கும்போது ஒரு கையால் தமயந்தி காதைப் பிடித்துக்கொள்ளும். மற்றக் கையை அவள் கன்னத்தில் வைத்துக்கொள்ளும். அப்படியே கண்ணைச் சாய்த்து, வாசலில் நிற்கிற என்னைப் பார்க்கும். கல்லாவை மூடிவிட்ட கடைக்காரன் தாமதமாக வந்தவனைப் பார்ப்பானே, அந்தப் பார்வை. அதற்கு முன்னால் பதினான்கு வருடம் அந்தக் காதில் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன், கடை விஷயம், வரவு, வழக்கு எல்லாம். இதையெல்லாம் எதற்கு உங்களிடம் சொல்கிறேன்? சத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்தப் பன்னிரண்டு நாளில் ஒரு நன்மை. எங்கள் பானத்தை நான் முதல் தடவையாகக் குடித்தேன். ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, சமைக்கத் தெரியாது, கையில் நானூறு டப்பா இருக்கிறது. இரவுக்கு அதுதான். இனிப்பு, மேடம். எவ்வளவு தேடினாலும் இனிப்பைத் தவிர அதில் ஒன்றும் தட்டுப்படவில்லை. மதி உதட்டைத் தடவித் தடவி யோசித்தது எதை என்று அப்போது புரிந்தது. உங்கள் கோப்பையை எடுத்துவிடட்டுமா? பரவாயில்லை, யாரும் குடிப்பதில்லை, விற்பனை மட்டும் ஆகிறது.

என்ன, கிளம்புகிறீர்களா? இவ்வளவு சொன்னேனே, ஒன்றும் பதியவில்லையா? ஓ. தாய் நேரில் இருந்து பதில் சொன்னால்தான் செல்லுமா. அப்பா சொல்வது கணக்கில் வராதா. சரிதான், டாக்டர் ஜெசிந்தா வாக்கியத்தில் மாதிரியே.

அப்படியானால் ஒன்று செய்யலாம். நான் போன் போட்டு நாளைக்கு வரச் சொல்கிறேன். இல்லை, இந்தப் பன்னிரண்டு நாளில் நான் கூப்பிடவில்லை. நானாகக் கூப்பிட்டால் இறங்கிப் போனதாக ஆகும். இப்போது நான் கூப்பிடவில்லை, கவனியுங்கள். அரசாங்கம் கூப்பிடுகிறது. இருங்கள், மணி அடிக்கிறது.

"தமயந்தி? நான்தான்… ஒண்ணுமில்ல, சர்வே எடுக்க வந்திருக்காங்க. கவர்மெண்ட்டு. குழந்தையோட அம்மா நேர்ல இருக்கணுமாம். நாளைக்கு வந்தின்னா… என்னது?"

அரசாங்கத்தை அங்கே வரச் சொல்லுங்கள் என்கிறாள், மேடம்.

பின்னால் மதி குரல் கேட்கிறது. "யாரும்மா, டப்பா அப்பாவா?" என்கிறது. டப்பா அப்பா. வேறு எத்தனை அப்பா இருக்கிறார்களாம் அதற்கு?

வத்தலக்குண்டு உங்கள் பகுதியில் வராதா? அங்கே வேறு ஆளா? சரி, அவர் போய்க் கேட்டால் அங்கே எழுதிக்கொள்வாரா? என்ன சொல்கிறீர்கள், மெதுவாகச் சொல்லுங்கள். வழக்கமாக அந்த வீட்டில் குடியிருப்பவரா, விருந்தாளியாக வந்து தங்கியிருப்பவரா என்று முதலில் பிரிப்பீர்களா? பன்னிரண்டு நாள் இருந்தால் எதில் வரும்? நாள் கணக்கு இல்லையா? யாரைக் கேட்டு எழுதுவீர்கள்? அவளையேவா.

இந்த வீட்டுக்கும் அதே கேள்வி உண்டா? வழக்கமாகக் குடியிருப்பவர்கள் எத்தனை பேர்? மூன்று. மூன்று என்று போடுங்கள். ஏன் யோசிக்கிறீர்கள்? போடுங்கள்.

லைனில்தான் இருக்கிறாள். இன்னும் குடிக்கிறதா, மறந்துவிட்டதா என்று நான் கேட்கப் போகிறேன் என்றுதான் நீங்கள் பார்க்கிறீர்கள். உங்களுக்கும் அந்தக் கட்டம்தானே நிரம்ப வேண்டும். இருங்கள்.

"தமயந்தி… இல்ல, அத கேக்கல. வேற ஒண்ணு கேக்கணும். அங்க ஒருத்தர் சர்வேக்கு வருவாராம். வந்தா உன்னையக் கேப்பாராம், நீ அந்த வீட்ல குடியிருக்கியா, இல்ல விருந்தாளியா வந்திருக்கியான்னு. நீ… என்னன்னு சொல்லுவ?"

லைன் இருக்கிறது. மூச்சுச் சத்தம் கேட்கிறது. மதி எதையோ கேட்கிறது, இவள் "இரு" என்கிறாள். மதியிடமா, என்னிடமா தெரியவில்லை.

"என்ன? … நான் இங்க என்னன்னு சொன்னேனா? மூணு பேருன்னு சொன்னேன். ஆமா, இப்பத்தான். மேடம் எழுதிட்டாங்க. மூணு. … ஆமா, அது பால மறந்தாலும் மறக்காட்டாலும் மூணுதான். … ஹலோ?"

வைத்துவிட்டாள்.

வைப்பதற்கு முன்னால் "சரி" என்றாள். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், மெதுவாகத்தான் சொன்னாள். மேடம், நீங்கள் ஊர் ஊராகப் போய் எத்தனையோ பெண்களைக் கேட்டிருப்பீர்கள். 'சரி' என்று ஒருத்தி சொன்னால் அதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?